வீட்டுத் திரையை நாமே செய்வதென்றால்: சுவரா, துணியா, ஃப்ளெக்ஸா, பலகையா?

புரொஜெக்டர் வாங்க மூன்று மாதம் தேடுகிறோம், வீடியோ வீடியோவாகப் பார்க்கிறோம், கடைசியில் திரை என்று வரும்போது "ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிக்கலாம்" என்று முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதன் பிறகு கோவையில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஒன்று, தம்பி குடியிருக்கும் வாடகை ஃப்ளாட்டுக்கு ஒன்று, நண்பர் வீட்டு மொட்டை மாடிக்கு ஒன்று என மூன்று திரை செய்தாகிவிட்டது. மூன்றும் மூன்று பொருள். ஒரே பொருளை மூன்று இடத்திலும் போட்டிருந்தால் இரண்டு இடத்திலாவது காசு வீணாகியிருக்கும், ஏனென்றால் எந்தத் திரை என்பதை முடிவு செய்வது உங்கள் அறைதான். எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது, மின்விசிறி எங்கே சுற்றுகிறது, சுவரில் ஓதம் ஏறுகிறதா, சொந்த வீடா வாடகை வீடா, இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு சின்னக் கணக்கு. திரையின் அளவை மூலைக்கு மூலை அங்குலத்தில் சொல்வார்கள். 16:9 விகிதத்தில் 100 அங்குலத் திரை என்றால் அகலம் சுமார் 87 அங்குலம், உயரம் 49 அங்குலம். 120 அங்குலம் என்றால் அகலம் நூற்று நாலரை, உயரம் கிட்டத்தட்ட 59. நூறிலிருந்து நூற்றிருபதுக்குப் போவது கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் பரப்பு 29.7 சதுர அடியிலிருந்து 42.7 சதுர அடியாகிவிடுகிறது, அதாவது அதே வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடத்துக்குப் பரவ வேண்டும். புரொஜெக்டர் வீசும் வெளிச்சத்தின் அளவை லூமென் என்பார்கள். அதைத் திரையின் சதுர அடியால் வகுத்து, திரையின் கெயினால் (அது என்ன என்று அடுத்துச் சொல்கிறேன்) பெருக்கினால் வருவது ஃபுட்-லாம்பர்ட், திரையில் தெரியும் பிரகாசத்தின் அளவு. தியேட்டரில் டிஜிட்டல் படத்துக்கு வைத்திருக்கும் அளவு 14. உங்களிடம் 500 ஆன்சி லூமென் (ANSI என்ற தர முறைப்படி அளந்த லூமென்) புரொஜெக்டர் இருந்தால் 100 அங்குலத்தில் கெயின் 1 உள்ள திரையில் கிட்டத்தட்ட 17 வரும், தியேட்டர் அளவுக்குக் குறைவில்லை. அதையே 120 அங்குலமாக்கினால் 12-க்குக் கீழே இறங்கிவிடும். 200 ஆன்சி லூமென் கொண்ட சிறிய எல்.இ.டி புரொஜெக்டரை வைத்துக்கொண்டு 80 அங்குலத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம், அந்த அளவிலேயே பத்தரைதான் வருகிறது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் லூமென் எண்ணை இந்தக் கணக்கில் போடாதீர்கள், ஆன்சி என்று குறிப்பிட்டிருக்கும் எண்ணை மட்டும் போடுங்கள்.

கெயின் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு தர நிர்ணய வெள்ளைப் பரப்பு திருப்பி அனுப்பும் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் உங்கள் திரை எவ்வளவு அனுப்புகிறது என்பதுதான். 1 என்றால் அந்த வெள்ளைக்குச் சமம். 1.3, 1.5 என்று கூடினால் நேர் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பளிச்சென்று இருக்கும், சோபாவின் ஓரத்தில் இருப்பவருக்கு மங்கும். கூடுதல் வெளிச்சம் புதிதாக எங்கிருந்தும் வருவதில்லை, ஓரத்துக்குப் போக வேண்டியதை எடுத்து நடுவில் கொடுக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் அங்கங்கே பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றால் கெயின் 1-க்குப் பக்கத்தில் இருக்கும் மேட் வெள்ளையே, அதாவது மினுமினுப்பில்லாத வெள்ளையே நல்லது.

இன்னொரு விஷயம், இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை வீச முடியாது. படத்தில் இரவுக் காட்சி வரும்போது அந்த இடத்தில் வெளிச்சம் விழாமல் விடுகிறது, அப்போது திரை அந்த அறையில் இயல்பாக எப்படித் தெரியுமோ அதுதான் உங்களுக்குக் கறுப்பாகக் கிடைக்கிறது. பிற்பகல் 2 மணிக்கு புரொஜெக்டரை அணைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள், அந்தச் சாம்பல்தான் உங்கள் படத்தின் கறுப்பு. டூரிங் டாக்கீஸில் மாலை ஆட்டமும் இரவு ஆட்டமும் மட்டும் ஓட்டினார்கள், கூடாரத்தைப் பகலில் இருட்டாக்க வழி கிடையாது. 1905-ல் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிய பிறகு, 1914-ல் எங்கள் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். கூடாரத்திலிருந்து கட்டடத்துக்கு வந்ததில் கிடைத்த பெரிய வசதிகளில் ஒன்று இருட்டு. வீட்டிலும் முதலில் சம்பாதிக்க வேண்டியது அதைத்தான்.

சரி, பொருளுக்கு வருவோம்.

வேட்டி, பெட்ஷீட் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நெசவின் இடைவெளி வழியாக வெளிச்சத்தில் ஒரு பங்கு பின்னால் போய்விடும், முன்னால் விசிறி சுற்றினால் முகங்கள் நெளியும், நீலம் போட்டு வெளுத்த துணி என்றால் ஆட்களின் தோல் நிறமும் நீலத்தின் பக்கம் சாயும். விருந்தாளி வந்த ஓர் இரவுக்குச் சரி.

சுவரில் ஒரு மாதம்

புரொஜெக்டர் வந்தவுடன் எதுவும் வாங்காமல் ஒரு மாதம் வெறும் சுவரில் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். எந்த அளவு உங்கள் கண்ணுக்கு ஒத்துவருகிறது, எந்த உயரத்தில் இருந்தால் கழுத்து வலிக்கவில்லை, எங்கிருந்து வெளிச்சம் கசிகிறது எல்லாம் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். நான் 110 அங்குலம் வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தபோது 92 அங்குலமே நிறைவாக இருந்தது.

சுவரையே நிரந்தரத் திரையாக்குவது உண்மையிலேயே நல்ல வழி, சில நிபந்தனைகளோடு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள், மேடு பள்ளம் அத்தனையும் நிழலாகத் தெரியும். பென்சிலால் குறித்துக்கொண்டு இரண்டு கை பட்டி பார்த்து, 320 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, ப்ரைமர் அடித்து, அதன் மேல் மேட் எமல்ஷன் இரண்டு கோட். பிரஷ் வேண்டாம், முடி குறைவான சின்ன ரோலர் போதும், கோடு கோடாக விழாது. பெயிண்ட் கடையில் "வெள்ளை" என்று மட்டும் கேட்டால் மஞ்சள் கலந்த வெள்ளை, நீலம் கலந்த வெள்ளை என்று பத்து வெள்ளை காட்டுவார்கள், எந்த நிறமும் கலக்காத வெள்ளையைக் கேளுங்கள். மினுமினுப்பு உள்ள ரகம் கட்டாயம் வேண்டாம். நான் முதலில் வீட்டில் மிச்சமிருந்த சில்க் ஃபினிஷ் பெயிண்டைத்தான் அடித்தேன். படத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு, நான் நகர்ந்தால் அதுவும் கூடவே நகர்ந்தது. மறுபடி தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

பெயிண்ட் காய்ந்தபின் படத்தின் நாலு பக்கமும் மூன்று அங்குலப் பட்டையாக மேட் கறுப்பு அடித்துவிட்டால் படம் சட்டென்று உயிர்பெறும். கறுப்பு ஓரம் பக்கத்தில் இருப்பதால் கண்ணுக்குப் படத்தின் கறுப்பு இன்னும் ஆழமாகத் தெரிகிறது, ஓரத்தில் வழியும் வெளிச்சத்தையும் அது விழுங்கிவிடுகிறது.

சுவரை நான் கைவிட்டதற்குக் காரணம் ஓதம். எங்கள் மாடி அறையின் அந்தச் சுவர் மழையை நேராக வாங்குகிற சுவர். ஐப்பசி கார்த்திகையில் பெயிண்ட் உப்பிப் பொரிந்துவிடும், எவ்வளவு நன்றாகப் பட்டி பார்த்திருந்தாலும் சரி. உங்கள் சுவருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறதா என்று தெரியவில்லையென்றால், இரண்டடிச் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் பூத்தால் அந்தச் சுவரில் காசைப் போடாதீர்கள். குளியலறைக்கு மறுபக்கம் இருக்கும் சுவருக்கும் இதே சோதனை.

துணியும் சட்டமும்

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது பிளாக்அவுட் துணி. திரைச்சீலைக்கு உள்பக்கம் கொடுத்துத் தைப்பார்களே, வெயில் ஊடுருவாமல் இருக்க, அந்த வெள்ளை லைனிங்தான். ஒரு பக்கம் ரப்பர் போல ஒரு பூச்சு, இன்னொரு பக்கம் துணி. வெளிச்சம் பின்னால் போகாது, மினுமினுப்பு இருக்காது, விலையும் கைக்கு அடக்கம். எந்தப் பக்கத்தை முன்னால் வைப்பது என்று கேட்பார்கள். இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் படம் போட்டுப் பார்த்ததில் எனக்குத் துணிப் பக்கம்தான் பிடித்தது, பூச்சுப் பக்கத்தில் லேசான மஞ்சள் இருந்தது. உங்களுக்குக் கிடைக்கும் துணியில் இது மாறலாம், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இங்கே ஒரு சூட்சுமம். திரைச்சீலைத் துணி பெரும்பாலும் 54 அங்குலப் பன்னாவில்தான் (துணியின் அகலம்) வருகிறது. 100 அங்குலத் திரைக்கு உயரமே 49 வேண்டும், மிச்சம் ஐந்து அங்குலம், மேலே இரண்டரை கீழே இரண்டரை. சட்டத்தைச் சுற்றி மடித்துப் பின்னால் இழுத்து அடிக்க அது போதாது, கை பிடிக்கவே இடமிருக்காது. 92 அங்குலத் திரை என்றால் உயரம் 45, அகலம் 80. மேலும் கீழும் நாலரை அங்குலம் கிடைக்கிறது, வசதியாக இழுத்து அடிக்கலாம். 100-க்கோ அதற்கு மேலோ போக வேண்டுமென்றால் பெரிய பன்னாத் துணியைத் தேடுங்கள், நடுவில் தையல் போடலாம் என்ற எண்ணமே வேண்டாம். அந்தத் தையல் கோடு எல்லா முகத்திலும் விழும்.

சட்டத்துக்கு இரண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குல ரீப்பர் கட்டை எடுத்தேன். மரக்கடையில் ஒவ்வொரு கட்டையையும் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பாருங்கள், வில்லாக வளைந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள், பச்சை மரமாக இருந்தால் விலை குறைவென்று எடுக்காதீர்கள், அது காயும்போது முறுக்கிக்கொள்ளும். மூலையில் இரண்டு கட்டையையும் பாதிப் பாதி செதுக்கி ஒன்றின் மேல் ஒன்று உட்கார வைத்து, ஃபெவிகால் போட்டு, பின்னால் எல் கிளாம்ப் முடுக்கினார் தச்சர். மூலைமட்டம் வைத்துப் பார்த்தது போதும் என்று விடாதீர்கள், மூலைக்கு மூலை நூல் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒரே எண்ணாக வருகிறதா பாருங்கள். கால் அங்குலம் தப்பினாலும் படத்தின் ஓரத்தில் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் வெளிச்சம் வழியும்.

நடுவில் செங்குத்தாக இரண்டு கட்டை கட்டாயம் வேண்டும். ஏழடி நீளக் கட்டை துணியின் இழுவையில் உள்பக்கம் வளையும், வளைந்தால் துணி தொய்யும். அந்த நடுக்கட்டைகள் துணியைத் தொடக் கூடாது என்பதால் அரை அங்குலம் பின்னால் தள்ளிப் பொருத்த வேண்டும், தொட்டால் அந்த இடத்தில் கோடு தெரியும். வெளிச் சட்டத்தின் உள்விளிம்பையும் கொஞ்சம் சரிவாகச் சீவிவிடச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு கை வார்னிஷ், கரையானுக்கு மருந்து.

துணி இழுக்கிற வேலையை அவசரப்படாமல் செய்யுங்கள், திரையின் தரமே இதில்தான் இருக்கிறது. முதலில் மேல்பக்க நடுவில் ஒரு ஸ்டேபிள் பின், நேர் எதிரே கீழ்ப்பக்க நடுவில் இழுத்து ஒரு பின், இடது நடு, வலது நடு. பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிராக, நாலு விரல் இடைவெளியில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நாடாக் கட்டில் பின்னுகிறவர்கள் ஒவ்வொரு இழைக்கும் ஒரே அளவு இழுவை கொடுப்பார்கள், அதே நிதானம்தான் இங்கேயும். ஒரு பக்கம் முழுக்க அடித்துவிட்டு மறுபக்கம் போனால் அலை அலையாகத்தான் வரும். முடிந்தபின் விரலால் தட்டினால் மத்தளம் மாதிரி மெல்ல அதிர வேண்டும். அதன் மேல் ஓரத்தில் கறுப்பு வெல்வெட் பட்டை. சாதாரணக் கறுப்புத் துணியைவிட வெல்வெட் எவ்வளவு வெளிச்சத்தை விழுங்குகிறது என்பதைப் போட்டுப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

எனக்குத் துணி, மரம், வெல்வெட், பின் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் வந்தது, தச்சர் கூலி தனி. கடையில் இதே போன்ற சட்டம் போட்ட திரை கேட்டபோது பத்தாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். இதில் குறை இல்லாமல் இல்லை. பல்லி எச்சமிட்டால் துடைப்பது சிரமம், ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் கறை பரவும். ஒரு வருடத்தில் கீழ் ஓரம் லேசாகத் தொய்ந்தது, பத்துப் பதினைந்து பின்னைப் பிடுங்கி மறுபடி இழுத்து அடித்தேன். ஆனால் தலைக்கு மேலே விசிறி முழு வேகத்தில் சுற்றினாலும் அசையாது. நம் ஊர் வெயிலுக்கு விசிறியை நிறுத்திவிட்டு இரண்டரை மணி நேரம் படம் பார்க்க முடியாது என்பதால் எனக்கு இதுதான் பெரிய காரணமாக இருந்தது.

ஃப்ளெக்ஸ்

மொட்டை மாடிக்கு ஃப்ளெக்ஸ். பேனர் அடிக்கும் கடையில் அச்சடிக்காத வெறும் வெள்ளை ஃப்ளெக்ஸ் சதுர அடிக் கணக்கில் தருவார்கள், பத்தடி அகலம் வரை ஒட்டில்லாமல் கிடைக்கும், ஓரத்தை மடித்து ஒட்டி ஐலெட் (கயிறு கோக்கும் வளையம்) அடித்தும் கொடுத்துவிடுவார்கள். ஜி.ஐ பைப்பில் ஒரு சட்டம், ஐலெட் வழியாகக் கயிறு, கட்டில் பின்னுவது போல இழுத்துக் கட்டினால் பத்து நிமிடத்தில் திரை தயார். பி.வி.சி பைப்பிலும் செய்யலாம், ஆனால் எட்டடிக்கு மேல் நீளம் என்றால் அது வளையும். மழையில் நனைந்தாலும் கெடாது, அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடலாம்.

எல்லோரும் ஃப்ளெக்ஸையே சொல்கிறார்களே, வீட்டுக்குள்ளும் அதையே போடலாமே என்று கேட்கலாம். இரண்டு காரணத்துக்காக நான் மறுக்கிறேன். ஒன்று, அதன் மினுமினுப்பு. பிரகாசமான காட்சியில் நடுவில் திட்டு விழும், ஓரத்தில் இருப்பவருக்கு மங்கும். மொட்டை மாடியில் இருபது பேர் கிரிக்கெட் பார்க்கும்போது இது யாருக்கும் உறுத்தாது, அறையில் உட்கார்ந்து ஒரு படத்தை ஊன்றிப் பார்க்கும்போது உறுத்தும். இரண்டு, வாசனை. புது ஃப்ளெக்ஸின் நெடி மூடிய அறையில் வாரக்கணக்கில் போகாது. வாங்குவதாக இருந்தால் பின்பக்கம் கறுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கும் ரகத்தைக் கேளுங்கள், சாதாரண ஃப்ளெக்ஸில் வெளிச்சம் ஊடுருவும். பழைய பேனரைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நண்பர் முயன்று பார்த்தார், முன்பக்கம் அச்சடித்த முகங்கள் நிழலாகத் தெரிந்தன.

காற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். எண்பது அங்குல அகலத் திரை காற்றில் பாய்மரம் மாதிரி, சட்டத்தோடு தூக்கிக்கொண்டு போகும். கைப்பிடிச் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள், இரும்புத் தூணிலோ தண்ணீர்த் தொட்டியின் காலிலோ கட்டுங்கள், படம் முடிந்ததும் அவிழ்த்துக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

பலகை யாருக்கு?

எட்டுக்கு நாலு பிளைவுட்டோ பி.வி.சி ஃபோம் ஷீட்டோ எடுத்து, மேலே மேட் வெள்ளை மைக்கா ஒட்டினால் கண்ணாடி போலச் சமமான ஒரு திரை கிடைக்கும். நாலடி உயரத்துக்கு 16:9 விகிதம் போட்டால் அகலம் 85 அங்குலம், மூலைக்கு மூலை 98 அங்குலம், ஒட்டே இல்லாமல். சாதாரண புரொஜெக்டருக்கு இவ்வளவு சமம் தேவையில்லை, அதனால் பெரும்பாலானவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். சுவருக்கு ஒரு சாண் தள்ளி மேசையில் வைத்து மேலே வீசுகிற அல்ட்ரா ஷார்ட் த்ரோ புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பலகைதான் சரி. அதன் வெளிச்சம் கீழிருந்து மிகச் சாய்வாக ஏறுகிறது, அதனால் துணியில் கண்ணுக்கே தெரியாத சின்ன அலைகூடப் படத்தில் நேர்க்கோட்டை வளைத்துக் காட்டிவிடும். சுருட்டி இறக்கும் திரையோ தொய்கிற துணியோ அந்த வகைக்கு ஆகவே ஆகாது.

எம்.டி.எஃப் பலகை வேண்டாம், ஈரம் பட்டால் ஓரம் உப்பும். 12 மி.மீ பிளைவுட் ஒரு முழுப் பலகை இருபது கிலோவுக்கு மேல் வரும், நல்ல ஆங்கர் போல்ட்டில் மாட்டுங்கள். வாங்குமுன் மாடிப்படித் திருப்பத்தை அளந்துவிடுங்கள். எட்டடிப் பலகை பல ஃப்ளாட்டுகளின் லிஃப்டில் நுழையாது, படியிலும் திரும்பாது.

திருப்பூர்த் துணி

தம்பி வீட்டுக்கு வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருந்தது. வாடகை வீடு, மூன்றாவது மாடி, எப்போது வேண்டுமானாலும் மாற நேரலாம், சுவரில் பெயிண்ட் அடிக்கக் கூடாது, துளையும் அதிகம் போடக் கூடாது. பக்கத்தில் திருப்பூர் இருக்கும்போது எதற்குக் கவலை என்று லைக்ரா கலந்த பின்னலாடைத் துணி வாங்கினோம், அங்கே அது கிலோக் கணக்கில் கிடைக்கும். முன்னால் வெள்ளை ஒன்று, அதன் பின்னால் கறுப்பு ஒன்று. பின்னால் கறுப்பு இல்லையென்றால் ஊடுருவிப் போகும் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து படத்தை மங்கலாக்கும்.

லைக்ராவில் எனக்குப் பிடித்தது, அது கசங்குவதே இல்லை. மடித்துப் பையில் வைத்து ஆறு மாதம் கழித்து எடுத்து இழுத்தாலும் சுருக்கம் போய்விடுகிறது. அலுமினிய ஜன்னல் செய்கிறவரிடம் சொல்லி, பெட்டிப் பைப்பில் மூலைகளிலும் நடுவிலும் கழற்றக்கூடிய சட்டம் செய்துகொண்டோம். துணியைச் சுற்றி இழுத்துப் பின்னால் பைண்டர் கிளிப் போட்டுவிட்டால் போதும். ஏற்கெனவே சுவரில் இருந்த இரண்டு கொக்கிகளில் தொங்குகிறது. வீடு மாறினால் ஒரு மூட்டையும் ஒரு கம்பிக் கட்டும்தான்.

லைக்ராவுக்கு இன்னொரு பலன் உண்டு, சத்தம் அதன் வழியாகப் போகும். தியேட்டரில் திரையில் நுண்துளைகள் போட்டிருப்பார்கள், ஸ்பீக்கர் அதற்குப் பின்னால் இருக்கும், அதனால்தான் வசனம் நடிகரின் வாயிலிருந்தே வருவதாகத் தோன்றுகிறது. வீட்டிலும் நடு ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை. என்ன குறை என்றால் வெளிச்சம். முன் துணியின் வழியாக ஊடுருவுவதைக் கறுப்புத் துணி விழுங்கிவிடுவதால் அந்த அளவு படத்திலிருந்து போய்விடும். லூமென் குறைந்த புரொஜெக்டருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இழுக்கும்போது குறுக்கிலும் நெடுக்கிலும் ஒரே அளவு இழுக்க வேண்டும், ஒரு பக்கம் கூடினால் பின்னல் வரிகள் தெரியும்.

கடையில் வாங்குவது

சுருட்டி இறக்கும் திரைகள் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றன, ஒரே அறையைப் படுக்கையறையாகவும் பயன்படுத்துபவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் விலை குறைந்த ரகங்கள் சில மாதத்தில் ஓரத்தில் சுருளத் தொடங்கும், நடுவில் அலை விழும், விசிறிக் காற்றில் ஆடும். வாங்கினால் இரண்டு பக்க ஓரத்தையும் கயிறு வைத்து இழுத்துப் பிடிக்கும் ரகமாக வாங்குங்கள், விலை ஏறும்தான். அறை வெளிச்சத்தை ஒதுக்கித் தள்ளும் சிறப்புத் திரைகள் உண்டு. எந்தத் திசையிலிருந்து வரும் வெளிச்சத்தைத் திருப்புவது, எதை விழுங்குவது என்று நுண்ணிய வரிகளால் அமைத்தது அது, வீட்டில் செய்ய முடியாது. பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து ஹாலில் பார்ப்பதுதான் உங்கள் பழக்கம் என்றால், அந்தத் திரைக்கும் அதற்கேற்ற புரொஜெக்டருக்கும் கொடுக்கும் காசில் ஒரு பெரிய டிவி வாங்குவது நல்லது. மனதாரச் சொல்கிறேன்.

சாம்பல் நிறம் அடிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சாம்பல் திரை அறையில் சுற்றித் திரியும் வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டும், கறுப்பு ஆழமாகும், கூடவே வெள்ளையும் இறங்கும். அறைச் சுவர்கள் எல்லாம் வெள்ளையாக இருந்து, புரொஜெக்டர் 2,000 ஆன்சி லூமெனுக்கு மேல் இருந்தால் இளம் சாம்பல் கைகொடுக்கும். சின்ன புரொஜெக்டருக்கு வேண்டாம். வெள்ளி நிற பெயிண்ட் யாருக்குமே வேண்டாம். அந்தக் காலத்தில் திரைக்கு உலோகப் பூச்சு அடித்ததால்தான் வெள்ளித்திரை என்ற பேச்சே வந்தது, இன்றும் போலரைஸ்டு கண்ணாடி போட்டுப் பார்க்கும் 3டி படத்துக்கு அந்த வகைத் திரை தேவைப்படுகிறது. வீட்டில் அடித்தால் நடுவில் கண் கூசும், ஓரமெல்லாம் மங்கும், மினுக்மினுக்கென்று பொடி தெரியும்.

ஆக, சொந்த வீடு, உலர்ந்த சுவர், கை கொஞ்சம் இறுக்கம் என்றால் பட்டி பார்த்த சுவர். சொந்த வீடு, தனி அறை என்றால் சட்டத்தில் இழுத்த பிளாக்அவுட் துணி. வாடகை வீட்டுக்கு லைக்ரா, வெளியில் வைக்க ஃப்ளெக்ஸ், அல்ட்ரா ஷார்ட் த்ரோவுக்குப் பலகை. கையில் ஐயாயிரம்தான் இருக்கிறது என்றால் மூவாயிரத்தைத் திரைக்கும் இரண்டாயிரத்தை ஜன்னல் திரைச்சீலைக்கும் பிரியுங்கள், முழுவதையும் திரையில் கொட்டாதீர்கள். திரைக்கு முன்னால் இரண்டு மூன்றடி வரை மேல்தளத்தையும் பக்கச் சுவரையும் அடர்ந்த நிறத்துக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் படத்தை எவ்வளவு கெடுக்கிறது என்பதை எங்கள் வீட்டில் பக்கத்துச் சுவரில் ஒரு கருநீலப் புடவையைத் தொங்கவிட்டுப் பார்த்த அன்றுதான் உணர்ந்தேன்.

பிளாக்அவுட் துணி வாங்கப் போகும்போது ஒரேயடியாக மூன்று மீட்டர் கிழித்து வாங்காதீர்கள். இரண்டு மூன்று கடையில் கால் மீட்டர், அரை மீட்டர் துண்டாக வாங்கி வந்து சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, முதலில் வெறும் வெள்ளையைப் போடுங்கள், பிறகு ஒரு முகம் அண்மையில் வரும் காட்சி, பிறகு ஒரு இரவுக் காட்சி. கண்ணால்தான் ஒப்பிட வேண்டும், கைபேசியில் படம் எடுத்துப் பார்த்தால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து ஏமாற்றிவிடும். கைபேசி கடையில்தான் உதவும்: டார்ச்சைத் துணிக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் புள்ளியாகக்கூடத் தெரியக் கூடாது. பிடித்த துணியை முழு அளவில் வாங்கும்போது கடைக்காரர் வழக்கம்போல மடித்துக் கொடுக்கப் பார்ப்பார். மடிப்புக் கோடு அந்தப் பூச்சுத் துணியில் மாதக்கணக்கில் போகாது, அட்டைக் குழலில் சுருட்டியே தரச் சொல்லி, பேருந்தில் தொல்லையாக இருந்தாலும் அப்படியே கொண்டுவாருங்கள்.